குறை சொல்லாத ஒரு கல்யாணம்

கல்யாணச் சாப்பாட்டுத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள் நம்மைக் கொல்வார்கள்: அழைத்தும் வராதவர்கள், அழைக்காமலே வருபவர்கள். இரண்டு பேருமே அடுத்த நாள் "கறியில உப்பில்ல" என்பார்கள், வராதவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக. கிடாரத்தையும் கரண்டியையும் வாடகைக்குக் கொடுத்து, கூடவே சமைத்தும் கொடுத்துப் பிழைக்கிற என் இனத்து மக்களே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரே காலையில் வாப்பாவும் போனார், அவருடைய பலசரக்குக் கடையும் போனது. வயல் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் உம்மாவும் நானும் அகதிகளாகக் கிடந்தோம். அங்கே பெரிய கிடாரத்தில் சோறாக்கிய அமீர் காக்காவுக்கு விறகு தள்ளிக் கொடுக்கப் போனேன். எல்லாம் இழந்து உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் என் கையால் சோறு வாங்கித் தின்றுவிட்டு, "சோறு பதமா வந்திரிக்கி" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முகாம் மூடியதும் அமீர் காக்காவையும் இரண்டு கிடாரங்களையும் சேர்த்துக்கொண்டு தொழில் தொடங்கிவிட்டேன்.

இதற்குக் குறுக்கே நின்றவர் மாமா, உம்மாவின் கூடப்பிறந்தவர், ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளாக்கர். அவர் மகள் ரிஃப்கா எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் அங்கே குடிபோவார். கடற்கரைப் பக்கம் ரிஃப்காவுக்குக் கட்டியிருந்த வீடு கடலோடு போக, மாமா வயல் பக்கம் புதிதாக அத்திவாரம் போட்டிருந்தார். அந்த அத்திவாரத்தின் மேல் நின்றுதான் அவர் தீர்ப்புச் சொன்னார். "கவுண்மேந்து உத்தியோகம் ஒண்டு எடு. இல்லாட்டி, இந்த ஊட்டுக்குக் கூரை ஏறுறதுக்குள்ள ஒருத்தரும் குறை சொல்லாத ஒரு கல்யாணம் செஞ்சு காட்டு. ரெண்டும் ஏலாட்டி, நான் வேற மாப்பிள்ளை பாப்பன்."

கல்முனையில் குறை சொல்லாத கல்யாணச் சாப்பாடு! கடலில் உப்பில்லாத இடம் தேடச் சொல்லியிருந்தால்கூடச் சுலபம். ஆனால் நான் துள்ளிக் குதித்தேன். உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுத வேண்டும், இதற்குச் சமைத்தால் போதும்.

ஐந்து மணிக்கு எழும்புங்கள்

அந்த நாட்களில் எங்கள் பக்கம் பயிற்சி வகுப்புகள் மழைக்காளான் போல முளைத்தன. இளம் தொழில்முனைவோருக்கு மூன்று நாள் பயிற்சி, பகல் சாப்பாடும் உண்டு என்றார்கள். அமீர் காக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார், எங்கள் எல்லோருக்கும் அவர் 'சேர்'. என்ன பேச்சு! நேர்மறை எண்ணம், இலக்கு, தன்னம்பிக்கை, வெற்றியாளரின் பழக்கங்கள்... எனக்கு மயிர் சிலிர்த்தது. கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

அமீர் காக்கா நேர் எதிர். எந்த வேலையைச் சொன்னாலும் "இது சரிவராது, மனே" என்று தொடங்கி, பிறகு மிக நன்றாகச் செய்து முடிப்பவர். வெற்றியாளர்கள் எல்லாரும் அதிகாலை ஐந்து மணிக்கு எழும்புகிறவர்கள் என்று சேர் சொன்னபோது மண்டபமே அசந்துபோய் இருந்தது. அமீர் காக்கா மட்டும் என் காதுக்குள் சொன்னார்:

"சுபஹுத் தொழுகைக்கு எழும்புற ஊருல வந்து இதச் சொல்றாரே. அப்பிடியெண்டா நம்மட பள்ளிவாசல் முன் வரிசையில நிக்கிறவன் எல்லாம் கோடீஸ்வரனாத்தானே இரிக்கணும்?"

வித்தியாசமாக யோசியுங்கள்

அந்த வகுப்பிலிருந்து நான் முதலில் கொண்டுவந்தது இந்தப் பாடம். எங்கள் பக்கக் கல்யாணத்தில் சஹன் சாப்பாடுதான் வழக்கம். பாய் விரித்து, பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியும் கோழியும் கத்தரிக்காயும் வைத்தால், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். நான் வித்தியாசமாக யோசித்தேன். கொழும்பு ஹோட்டல்களில் போல புஃபே! ஒரு வாத்தியார் தன் மகன் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார். மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சதுரத் தட்டங்களில் சோறும் கறியும் ஆவி பறக்க வைத்து, பக்கத்தில் ஆளுக்கொன்றாகப் போட்டுச் சாப்பிடப் பீங்கான் கோப்பைகளை அடுக்கினேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. "இது சரிவராது, மனே" என்றார் அமீர் காக்கா. எதிர்மறை எண்ணம் என்று அவரைக் கண்டித்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்கள். பிறகு ஆறு பேர் சேர்ந்து ஒரு சோற்றுத் தட்டத்தை அப்படியே தூக்கிப் பாயில் வைத்து, பிஸ்மி சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். அதைக் கண்ட அடுத்த ஆறு பேர் இறைச்சித் தட்டத்தைத் தூக்கினார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் சோறு, ஒரு கூட்டத்துக்கு வெறும் இறைச்சி, கடைசிக் கூட்டத்துக்குத் தட்டம் நிறைய மாசிச் சம்பல். நான் பீங்கான் கோப்பைகளோடு ஒவ்வொரு பாயாக ஓடினேன். ஒருத்தரும் வாங்கவில்லை. போகும்போது ஒரு பெரியவர் என் தோளில் தட்டி, மிகுந்த அக்கறையோடு கேட்டார்:

"எல்லாம் நல்லம் தம்பி. ஆனா சஹன ஏன் சதுரமா செஞ்சிரிக்கீங்க? மூலைக்குள்ள கை போகுதில்லயே."

கடல் வருது

கடல் அடித்த அடுத்த வருடம் சாய்ந்தமருதுவில் ஒரு கல்யாணம். சஹன் வைத்தாகிவிட்டது. நெய்ச்சோறு மணக்கிறது, யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, இன்றைக்குக் குறையில்லை என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். தெருவில் யாரோ "கடல் வருது!" என்று கத்தினான். அவ்வளவுதான். மாலை போட்ட மாப்பிள்ளை முதற்கொண்டு முழுக் கல்யாணமும் மேற்குப் பக்கம் ஓடியது. பெரிய தெருவைத் தாண்டி, வயல் வரம்பில் ஏறித்தான் நின்றோம். என் ஒரு கையில் சோற்றுக் கரண்டி. மற்றக் கையில், உதவிக்கு வந்திருந்த உம்மாவின் கை, எலும்பு நோக இறுக்கிப் பிடித்திருந்தேன். வாப்பாவின் கையை அப்படிப் பிடிக்க எனக்கு வாய்க்கவில்லை. அந்த வரம்பில் நின்று நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. பக்கத்தில் நின்றவர்களும் அழுதுகொண்டுதான் நின்றார்கள்.

கடல் வரவில்லை. வெறும் வதந்தி. ஒருவரை ஒருவர் பார்த்தோம். சேறு பூசிய மாப்பிள்ளையைப் பார்த்து யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தோம். உயிரோடு இருக்கிற சந்தோசம் அப்படியானது. திரும்பிப் போய், அவரவர் விட்ட சஹனில் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஒருத்தர் சோற்றில் கை வைத்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மனே, சோறு ஆறிக் கிடக்கு?"

கண்ணாடிக்கு முன்னால்

அதுவும் குறைதான் என்று மாமா தீர்த்துவிட்டார். கடல் வந்தாலும் வராவிட்டாலும் ஆறின சோறு ஆறின சோறுதானாம். ரிஃப்காவின் வீட்டுக்குச் சுவர் இடுப்பளவு வந்திருந்தது. நான் தளரவில்லை. காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "என்னால் முடியும்! நான் வெற்றியாளன்!" என்று உரத்துச் சொல்ல வேண்டும் என்பது சேரின் பாடம். நாங்கள் இருந்ததோ தகரக் கொட்டில், ஒரு மூலையில் தும்மினால் மற்ற மூலையில் பாத்திரம் அதிரும். தினமும் விடியற்காலையில் மகன் தனியே நின்று யாரோடோ கத்திக் கதைப்பதைக் கேட்டு உம்மாவுக்கு ஈரல் கருகிவிட்டது. பையனுக்கு ஜின் பிடித்துவிட்டது என்று பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்துவிட்டார். லெப்பை என்னை உட்காரவைத்து ஓதினார், தண்ணீர் ஊதித் தெளித்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார். பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல. புள்ளைக்கிக் கல்யாண ஆசை."

முடியாது என்று சொல்லாதீர்கள்

வாடிக்கையாளரிடம் "முடியாது" என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, இது அடுத்த பாடம். ஒரு நாள் நற்பிட்டிமுனையிலிருந்து கந்தசாமி அண்ணன் வந்தார், வேளாண்மை செய்கிற மனிதர். மகளுக்குக் கல்யாணம், பெரிய சட்டிகள் வேண்டும் என்றார். இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டு, தமிழாக்களும் நாங்களும் ஒருவர் கடைக்கு ஒருவர் போகவே யோசித்த காலம் அது. அதற்குள் ஒருத்தர் என் பெயரைக் கேட்டுத் தேடி வந்திருக்கிறார்! "முடியும் அண்ணன், எல்லாம் முடியும்!" என்று நான் துள்ள, அமீர் காக்கா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "மனே, நம்மட கிடாரம் எல்லாம் மாடு காய்ச்சின கிடாரம். அவங்க கல்யாணத்துக்கு மரக்கறி."

எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் முடியும் என்று சொன்ன வாயை எப்படித் திருப்புவது? சந்தைக்கு ஓடி மூன்று புதுச் சட்டிகள் வாங்கினேன். மற்றச் சட்டிகளோடு மாறிவிடக்கூடாது என்று அவற்றின் காதுப்பிடியில் சிவப்புத் துணி கட்டி, ரிஃப்காவின் அரைகுறை வீட்டிலேயே தனியாக மூடி வைத்து, கல்யாணத்துக்கு நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். முகம் தெரியுமளவுக்கு மின்னின. விசயத்தைச் சொன்னபோது கந்தசாமி அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இந்த முறை குறைக்கே இடமில்லை, மாமா தோற்றார் என்று நினைத்தேன். சட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"தம்பி, கோவிக்கப்படா. சாம்பார் முழுக்கப் புதுச்சட்டி மணம். ரெண்டாவது மகளுக்கும் இந்தச் சட்டிதான் வேணும், அதுக்குள்ள நல்லாப் பழக்கி வையுங்க."

எல்லோரிடமும் கருத்துக் கேளுங்கள்

சண்டைக் காலத்தில் லொறியில் சமைத்த சாப்பாடு கொண்டுபோவது தனிக் கலை. பொத்துவில் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் செக்பொயின்ட்டில் மறித்தார்கள். ஒவ்வொரு மூடியாகத் திறக்கச் சொன்னான் ஓர் இளம் சிப்பாய். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் நீளக் கரண்டியை வாங்கி கிடாரத்தின் அடிவரை விட்டுக் கிண்டினான். அடியில் இருந்தது முந்திரிப்பருப்புத்தான். அமீர் காக்கா கடைசி நேரம் வந்ததுபோலக் கலிமாச் சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்குச் சேரின் பாடம் ஞாபகம் வந்தது. "கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க சேர்" என்று ஒரு கோப்பையை நீட்டினேன். வாங்கினான். நின்றபடியே முழுவதையும் தின்றான். தாய் வீட்டை விட்டு வந்து எத்தனை மாதமோ, கடைசிப் பருக்கையையும் விரலால் வழித்தான். ஆள் சிரித்துவிட்டான், தப்பினோம் என்று நான் லொறியில் ஏறக் கால் வைத்தபோது, தெரிந்த அரைத் தமிழில் சொன்னான்:

"தம்பி, சோறு சரி நல்லம். உப்பு மட்டும் கொஞ்சம் காணாது."

கூரை

சிப்பாய் சொன்னதும் குறைதானா என்று மாமாவிடம் வாதாடினேன். கவுண்மேந்து ஆளே சொன்ன குறையல்லவா என்று பதில் வந்தது. வருடங்கள் ஓடின. சுவர் தலைக்கு மேல் போய்விட்டது. உத்தியோக மாப்பிள்ளை ஒருவருடைய பேச்சும் மாமா வீட்டில் காதில் விழத் தொடங்கியது. அன்றைக்கு முதல்முறையாக எனக்கு நேர்மறை எண்ணம் வரவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்றேன், வாய் திறக்கவில்லை.

சிவப்புத் துணிச் சட்டிகளைப் பார்க்கிற சாட்டில் புது வீட்டுப் பக்கம் போனேன். கூரையில்லாத அறைக்குள் ரிஃப்கா, அவள் உம்மா, வீடு கட்டுகிற மேசன் மூன்று பேரும் நின்றார்கள். ரிஃப்கா மேசனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் ஓடு வேண்டாம், அஸ்பெஸ்டஸ் சீற் போடுவோம் என்றவள், சீற் வந்து இறங்கியதும் சீற் சூடு, ஓடுதான் வேண்டும் என்கிறாள். ஓடு பார்த்தால் நிறம் சரியில்லையாம். மேசன் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனார், மாமி அவரைச் சமாதானம் செய்யப் பின்னால் போனார். ரிஃப்கா இவ்வளவு அடம் பிடிக்கிறவள் அல்லவே என்று நான் முழித்தேன். அவள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகச் சொன்னாள்:

"மச்சான், இந்த மாரிக்கும் கூரை ஏறாது. அத நான் பாத்துக்கொள்றன். நீங்க உப்பப் பாருங்க."

குறை இருக்கா?

அதற்குப் பிறகு நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை! நாட்டுச் சண்டையும் முடிந்தது. ஓடும் கடைசியில் வந்து முற்றத்தில் இறங்கிவிட்டது. இனி ரிஃப்காவாலும் மறிக்க ஏலாது. அந்தக் கிழமையில்தான் மருதமுனையில் இடுப்பில் கட்டும் சாரம் நெய்து விற்கும் முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம் கிடைத்தது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும், அமீர் காக்காவுக்கும் தெரியும். கரண்டி கரண்டியாக உப்புப் பார்த்தோம். அழைப்பில் மாமாவும் இருந்தார்.

பகல் ஆனதும் வேன் வேனாக ஆட்கள் இறங்கினார்கள். பாதை திறந்துவிட்டதல்லவா! மூதூரிலிருந்து, புத்தளத்திலிருந்து, வருடக்கணக்காக வர முடியாமல் கிடந்த சொந்தமெல்லாம் அழைப்பைக் கேள்விப்பட்டு வந்துவிட்டது. முதலாளி சொன்ன கணக்குக்கு இரட்டிப்புச் சனம். "இது சரிவராது, மனே" என்றார் அமீர் காக்கா. முதல்முறையாக நானும் ஓம் என்றேன். வேறு வழியில்லாமல் ஆறு பேர் சஹனில் ஒன்பது பேரை உட்காரவைத்து, இறைச்சியை எல்லோருக்கும் போதும்படி நுள்ளி நுள்ளி வைத்தேன். நாலரை வருடத்துக் கனவு அத்தோடு போனது என்று அடுப்படியில் சாம்பலுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன்.

குறைச் சத்தம் ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். யாரும் சோற்றைப் பார்க்கவே இல்லை. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், "நீ ஹயாத்தோட, உசிரோட இரிக்கியாடா" என்று கேட்கிறார்கள். இடக்கையால் மற்றவனைத் தடவிக்கொண்டு வலக்கையால் உண்கிறார்கள். நான் ஒவ்வொரு பாயாகப் போய்க் கேட்டேன்: "குறை இருக்கா? குறை இருக்கா?" என் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட ஒருத்தருக்கும் நேரமில்லை. கடைசி சஹனும் வழித்துத் துடைத்தபடி திரும்பி வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாப்பா பார்த்திருக்க வேண்டிய நாள்.

அப்போதுதான் மாமா கை கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார். முகம் உம்மென்று இருந்தது. "மனே, எங்கட சஹன்ல ஒம்பது பேர். எனக்கு இறைச்சி ஒரு துண்டும் வரல்ல. வெறுஞ்சோறுதான் திண்டன்" என்றார். என் உயிர் நின்றது. அத்தனை சனத்தில் ஒரு குறை, அதுவும் இவர் வாயால்! "நான் அப்பவே சொன்னன்" என்று அமீர் காக்கா முனகினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப, குறை வந்துட்டு மாமா" என்றேன். மாமா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். அடிப்பிடித்த சோற்றில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். பிறகு, கிளாக்கராக இருந்த காலத்துக் குரலில் சொன்னார்:

"விருந்தாளி சொன்னாத்தான் குறை. ஊட்டு ஆள் சொல்றது கணக்கில்ல. நாளைக்கு வந்து உன்ட ஊட்டுக்கு ஓடு ஏத்துற வேலையப் பாரு."

ஓடு ஏறி, குடிபுகுந்து, இத்தனை வருடமாகியும் ரிஃப்கா தினமும் என் கறியைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள் என்றாலும், மாமாவின் சட்டப்படி அதில் ஒன்றுகூடக் குறையில்லை.